பிரின்சிபால் தொல்லை தாங்கவில்லை, பள்ளியை விட்டுவிடலாமா? மும்பைத் தமிழ் ஆசிரியைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மும்பையில் 26 வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். மூன்று பள்ளிகள். முதல் பள்ளியை ஒரு பிரின்சிபாலின் தொல்லை தாங்காமல் ஒரே மத்தியானத்தில் விட்டேன். இரண்டாவதையும் கிட்டத்தட்ட அதே காரணத்துக்காகத்தான் விட்டேன், ஆனால் எட்டு மாதம் யோசித்து, ஏற்பாடு செய்துவிட்டு விட்டேன். மூன்றாவதில் ஓய்வு பெற்றேன். இந்தக் கதை தெரிந்தவர்கள் மூலம் தாராவி, அன்டாப் ஹில், செம்பூர், டோம்பிவிலிப் பக்கமிருந்து இளம் ஆசிரியைகள் போன் செய்வார்கள். முதலில் கொஞ்சம் அழுகை, அப்புறம் "அக்கா, விட்டுடவா?" என்ற கேள்வி. அப்படி வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். பள்ளிச் சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் மகாராஷ்டிர அரசின் அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளுக்கு உரியது.

காலையில் பள்ளி கேட்டைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. இதற்கு மேலும் யோசிக்க வேண்டுமா?

யோசிக்க வேண்டும். வயிறு கலங்குவது உண்மை, அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் எதனால் கலங்குகிறது என்று வயிறு சொல்லாது. அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். மூன்று வாரம், தினமும் ரயிலில் திரும்பும்போது ஒரே ஒரு வரி: இன்று என்னை எது அதிகம் களைக்க வைத்தது? டோம்பிவிலியிலிருந்து வரும் ஒரு பெண்ணை இப்படி எழுதச் சொன்னேன். 18 நாள் எழுதினாள். அதில் பிரின்சிபால் வந்தது ஐந்து நாள். மற்ற நாளெல்லாம் காலை ரயிலில் தொங்கிக்கொண்டு வந்தது, ஃப்ரீ பீரியட் முழுக்க புராக்ஸிக்கு, அதாவது வராத டீச்சரின் வகுப்பைப் பார்க்க, போனது, 50 பிள்ளைகளின் நோட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனது. அவள் மத்தியான ஷிஃப்டுக்கு மாற்றல் கேட்டாள், கிடைத்தது. இன்னும் அதே பள்ளியில்தான் இருக்கிறாள்.

இன்னொருத்தியின் நோட்டில் 15 நாளில் 13 நாள் அதே பெயர். அவளிடம் நான் வேறு எதுவும் கேட்கவில்லை. அடுத்த வேலையைத் தேடச் சொன்னேன்.

வகுப்புக் கதவைச் சாத்திய பிறகு உங்களுக்கு எப்படி இருக்கிறது என்பதையும் பாருங்கள். பிள்ளைகளோடு இருக்கும் 35 நிமிடம் மூச்சு சீராகிறது என்றால் உங்களுக்கு ஆசிரியர் வேலை அலுக்கவில்லை, இந்தப் பள்ளிதான் அலுத்திருக்கிறது. அங்கேயும் ஒன்றும் தோன்றவில்லை என்றால் பள்ளி மாறினாலும் அது தீராது. அப்போது விஷயமே வேறு.

என் பிரின்சிபால் ரொம்பக் கண்டிப்பு. கண்டிப்புக்கும் கொடுமைக்கும் என்ன வித்தியாசம்?

இந்தக் கேள்விக்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டையும் ஒரே பள்ளியில் பார்த்தவள் நான்.

என் இரண்டாவது பள்ளியில் நான் சேர்ந்தபோது பிரின்சிபாலாக இருந்தவர் ஒரு மராத்திய அம்மாள். மாதம் ஒரு முறை என் வகுப்பிலிருந்து ஐந்து நோட்டுகளை எடுத்துவரச் சொல்வார். நான் திருத்தாமல் விட்ட எழுத்துப் பிழையைப் பச்சை மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். லெசன் பிளான் திங்கள் காலை மேஜையில் இல்லை என்றால் அன்று மாலை கூப்பிட்டு விடுவார். முதல் வருடம் இரண்டு முறை ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

ஆனால் ஒரு நாளும் பிள்ளைகள் முன்னால் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு தகப்பனார் என்னைத் திட்டிக்கொண்டே மாடி ஏறி வந்தபோது, "என் டீச்சரிடம் பேசுவதற்கு முன் என்னிடம் பேசுங்கள்" என்று படிக்கட்டிலேயே நின்றார். 2005 ஜூலை 26, சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய அன்று, வீட்டுக்குப் போக முடியாத பிள்ளைகளோடு இரவு முழுக்கப் பள்ளியிலேயே இருந்தோம். அவரே பியூனோடு நின்று கிச்சடி கிளறினார். எங்களை முதலில் சாப்பிட வைத்தார்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர் பச்சை மை எல்லாம் எடுக்கவே இல்லை. நோட்டே பார்க்கமாட்டார். ஆனால் வகுப்பு நடக்கும்போது கதவைத் திறந்து 48 பிள்ளைகள் முன்னால் என் உச்சரிப்பைக் கேலி செய்வார். எனக்கு ஒரு லீவு விதி, அவருக்கு வேண்டியவர்களுக்கு இன்னொரு விதி. நேற்று வாயால் சொன்னதை இன்று "நான் எப்போது சொன்னேன்?" என்பார்.

இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது இதுதான். முதலாமவரிடம் நான் என்ன செய்தால் திட்டு நிற்கும் என்று எனக்குத் தெரியும்: நோட்டை ஒழுங்காகத் திருத்த வேண்டும். இரண்டாமவரிடம் எது செய்தாலும் நிற்காது, ஏனென்றால் அவருக்கு என் வேலையில் குறை இல்லை, என்மேலேயே குறை. உங்கள் பிரின்சிபாலை இந்தக் கேள்வியில் வைத்துப் பாருங்கள். என்ன செய்தால் சரியாகும் என்று உங்களால் சொல்ல முடிந்தால், அதை ஒரு டெர்ம் செய்து பாருங்கள். சொல்லவே முடியவில்லை என்றால் அது கண்டிப்பு இல்லை.

அவரிடமே நேராகப் பேசிப் பார்க்கலாமா?

ஒரு முறை கட்டாயம் பேசுங்கள். காரிடாரில் வழிமறித்துப் பேசாதீர்கள், அவர் கத்தி முடித்த சூட்டிலும் வேண்டாம். நேரம் கேட்டுப் போய் உட்கார்ந்து பேசுங்கள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். "நீங்கள் என்னை மதிப்பதில்லை" என்று ஆரம்பித்தால் அது வாக்குவாதத்தில்தான் முடியும். "என் வகுப்பில் குறை இருந்தால் தயவுசெய்து பீரியட் முடிந்ததும் அறையில் சொல்லுங்கள், பிள்ளைகள் முன்னால் வேண்டாம்" என்று கேட்டால் அவர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். அன்று மாலையே, "இன்று பேசியதற்கு நன்றி, இப்படிச் சொன்னீர்கள்" என்று இரண்டு வரி மெயில் அனுப்பி வையுங்கள்.

அவரைத் தாண்டி டிரஸ்டியிடம் போவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தனியாகப் போகாதீர்கள். மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கம் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். டிரஸ்டியிடம் நீங்கள் சொன்னது கோயில் பிரசாத வரிசையில் பிரின்சிபால் காதுக்கு வந்துவிடும். மூன்று நான்கு பேர் கையெழுத்திட்டு, தேதியும் நடந்ததும் மட்டும் எழுதி, எழுத்தாகக் கொடுங்கள். அதற்கு ஆள் சேரவில்லை என்றால் அந்த ஸ்டாஃப் ரூமின் நிலைமை அப்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மெமோ கொடுத்துவிட்டார். வேலை போய்விடுமா?

மெமோ வந்ததால் மட்டும் போகாது. வாங்கும்போது தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். அங்கேயே உட்கார்ந்து பதில் எழுதாதீர்கள். அவகாசம் கேட்டு, வீட்டுக்குப் போய், ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் நடந்ததை மட்டும் எழுதி, நகல் வைத்துக்கொண்டு கொடுங்கள். கோபமும் வேண்டாம், தேவையில்லாத மன்னிப்பும் வேண்டாம்.

மகாராஷ்டிராவில் தனியார் பள்ளி ஊழியர்களின் பணி நிபந்தனைகளுக்கு 1977-ஆம் வருடச் சட்டமும் 1981-ஆம் வருட விதிகளும் இருக்கின்றன. பள்ளி அலுவலகங்களில் இதை 'மெப்ஸ்' என்பார்கள். நிரந்தர ஆசிரியரை ஒழுங்கு நடவடிக்கையில் வேலையை விட்டு நீக்க வேண்டுமானால் விசாரணைக் குழு போட வேண்டும். அதில் நிர்வாகம் சொல்லும் ஒருவர், நீங்கள் சொல்லும் ஒருவர், மாநில அல்லது தேசிய விருது பெற்ற ஆசிரியர் ஒருவர் இருப்பார்கள். நீங்கள் சொல்லும் ஒருவர் என்பதை முக்கால்வாசிப் பேர் கேள்விப்பட்டதே இல்லை. நீக்கிவிட்டார்கள் என்றால் 30 நாளுக்குள் பள்ளித் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். அந்த 30 நாளை அழுது கழித்துவிடாதீர்கள்.

வேலை நிரந்தரமாகும் முன் இரண்டு வருட புரொபேஷனில் இருப்பவர்களுக்கு இவ்வளவு பாதுகாப்பு இல்லை. வேலை திருப்தியில்லை என்று ஒரு மாத நோட்டீஸிலோ ஒரு மாதச் சம்பளத்திலோ அனுப்பிவிட முடியும். அவர்கள் வேறு இடம் பார்ப்பதைத் தள்ளிப் போடக் கூடாது.

அறைக்குள் கூப்பிட்டு, "இப்போதே ராஜினாமா எழுதிக் கொடு, இல்லையென்றால் ரெக்கார்டு கெட்டுவிடும்" என்கிறார். என்ன செய்வது?

எழுதாதீர்கள். மற்ற பதில்களெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

2000-ஆம் வருடம் மார்ச் மாதம், மத்தியானம் இரண்டரை மணி. முதல் பள்ளியின் பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் தந்தார். கதவைச் சாத்தினார். "சொந்தக் காரணங்களுக்காக" என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எனக்கு அப்போது கை நடுங்கிக்கொண்டிருந்தது. எப்படியாவது அந்த அறையை விட்டு வெளியே போனால் போதும் என்று இருந்தது. நகல் கூட வைத்துக்கொள்ளவில்லை. மே மாதச் சம்பளம் போயிற்று. அனுபவச் சான்றிதழ் கைக்கு வர 11 மாதம் ஆயிற்று. வீட்டில் எல்லாரும் நானாக விட்டுவிட்டேன் என்று நினைத்தார்கள். காகிதத்தில் அப்படித்தானே இருந்தது.

நான் சொன்ன அந்த 1977 சட்டம் வந்து அப்போது 20 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எனக்குத் தெரியாது. அதன் 7-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: ராஜினாமா செய்ய நினைக்கும் ஊழியர் கடிதத்தை இரண்டு பிரதியாக எழுதி, இரண்டிலும் கையெழுத்திட்டு, தேதி போட்டு, ஒன்றைப் பதிவு அஞ்சலில் நிர்வாகத்துக்கு அனுப்பலாம், மற்றதைத் தானே வைத்துக்கொள்ளலாம். இதை முதல் முறை படித்தபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ராஜினாமா என்பது சாத்திய அறையில் எழுதுவது இல்லை, வீட்டில் உட்கார்ந்து எழுதி, தபால் நிலையம் வரை நடந்து போய், அந்த வழியிலும் ஒரு முறை யோசித்துவிட்டுச் செய்வது என்று யாரோ நம்மை நினைத்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதனால் அறையில் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "சார், நான் வீட்டில் பேசிவிட்டு எழுத்தில் பதில் தருகிறேன்." எத்தனை முறை கேட்டாலும் அதே வாக்கியம். எழுந்து வெளியே வந்துவிடுங்கள். ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், அன்றைக்கே "வற்புறுத்தி வாங்கப்பட்டது, திரும்பப் பெறுகிறேன்" என்று நிர்வாகத்துக்குப் பதிவு அஞ்சலும் மெயிலும் அனுப்புங்கள், கல்வி அதிகாரிக்கு ஒரு நகல் போடுங்கள். ஒரு நாள் தள்ளினாலும் கேள்வி வரும்.

தபால் பற்றி ஒரு விஷயம். 2025-இல் பழைய பதிவு அஞ்சலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். கவுண்டரில் ரெஜிஸ்ட்ரேஷன் சேர்த்து வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

எத்தனை நாள் நோட்டீஸ்? எப்போது கொடுப்பது நல்லது?

நிரந்தரமானவர் என்றால் மூன்று மாதம், இல்லையென்றால் ஒரு மாதம். அதற்கு முன்னால் போக வேண்டுமானால் குறையும் நாட்களுக்கான சம்பளத்தைக் கட்ட வேண்டி வரும்.

இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. விடுமுறையில் நோட்டீஸ் கொடுக்கக் கூடாது, நோட்டீஸ் காலத்துக்குள் விடுமுறை வரும்படியும் கொடுக்கக் கூடாது, முதல் டெர்ம் ஆரம்பித்து ஒரு மாதத்துக்குள்ளும் கொடுக்கக் கூடாது என்று அந்த 1981 விதிகளில் விதி 40 சொல்கிறது. ஜூனில் பள்ளி திறக்கிறது, நடுவில் தீபாவளி லீவு, மே மாதம் கோடை லீவு. காலண்டரை விரித்து வைத்துப் பார்த்தால் நிரந்தர ஆசிரியைக்குச் சௌகரியமாக மூன்று மாதம் கிடைப்பது ஜனவரியில்தான். பொங்கல் ஒட்டி நோட்டீஸ் கொடுத்தால் ஏப்ரல் நடுவில் முடியும், பரீட்சையும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போகலாம். நான் இரண்டாவது பள்ளியை 2010-இல் அப்படித்தான் விட்டேன்.

ஏப்ரலில் வருடம் தொடங்கும் பள்ளிகள் ஜனவரி, பிப்ரவரியிலேயே ஆள் எடுக்க ஆரம்பித்துவிடும். ஆகவே தீபாவளி லீவிலேயே பயோடேட்டாவைச் சரிசெய்து வைத்திருங்கள்.

பண விஷயத்தில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் பணிக்கொடை. ஆசிரியர்களுக்குக் கிராஜுவிட்டி கிடையாது என்று இன்னும் சில ஆபீஸ் கிளார்க்குகள் சொல்கிறார்கள். 2009-இல் பணிக்கொடைச் சட்டத்தைத் திருத்தி ஆசிரியர்களையும் சேர்த்தார்கள், 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும் என்று. தனியார் பள்ளிகள் எதிர்த்துப் போன வழக்கில் 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தத்தை உறுதி செய்துவிட்டது. நான் 2010-இல் கேட்டபோது "டீச்சருக்கு ஏது?" என்றார்கள். திருத்தத்தின் நகலை மேஜையில் வைத்த பிறகுதான் காசோலை வந்தது.

நிரந்தர வேலை என்றால் ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்திருக்க வேண்டும். கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்த தொகையை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, வருடத்தால் பெருக்குங்கள். 30,000 ரூபாய், எட்டு வருடம் என்றால் ஏறக்குறைய 1,38,460 ரூபாய். உங்களுக்கு நாலரை வருடம் ஆகியிருந்தால் இன்னும் ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க முடியுமா என்று பாருங்கள். உடம்பு இடம் கொடுக்கவில்லை என்றால் பணத்தை விட்டுவிடுங்கள், அதுவும் சரிதான்.

பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்காதீர்கள், புதுப் பள்ளிக்கு அதே யு.ஏ.என். எண்ணில் (எந்தப் பள்ளிக்குப் போனாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்) மாற்றுங்கள். ஓய்வூதியத்துக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். இடையில் எடுத்தால் அந்தக் கணக்கு அறுந்துபோகும். ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் வரியும் உண்டு.

மும்பையில் வாடகையை நினைக்காமல் யாரும் வேலையை விட முடியாது. நான்கு மாத வாடகை, பால், பிள்ளைகள் ஃபீஸ் கையில் இருந்தால் தைரியமாகப் பேச வரும். நான் எட்டு மாதம் யோசித்தேன் என்று சொன்னேனே, அதில் பாதி நாள் இந்தப் பணத்தைச் சேர்த்த நாள்தான்.

கர்ப்பமாக இருக்கிறேன். இப்போதே விட்டுவிடலாம் போல இருக்கிறது.

இப்போது வேண்டாம். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இல்லை என்றால் 26 வாரம் சம்பளத்தோடு லீவு உங்கள் உரிமை. அந்த லீவில் இருக்கும்போது நீக்குவது சட்டவிரோதம். அதை வாங்கிக்கொள்ளுங்கள், குழந்தை பிறக்கட்டும், அப்புறம் முடிவெடுங்கள்.

அவர் பேசும் விதம், பார்க்கும் விதம் சரியில்லை. கை படுகிறது. பேசாமல் விட்டுவிட்டுப் போய்விடலாமா?

இது பாஸ் தொல்லை இல்லை, குற்றம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும் என்பது 2013-ஆம் வருடச் சட்டம். நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். தொல்லை தருபவர் நிர்வாகியே என்றால் மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். விசாரணை நடக்கும்போது லீவும் கேட்கலாம். வேலையை விடுவதா வேண்டாமா என்பதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். விட்டாலும் புகார் கொடுக்கலாம், கொடுத்துவிட்டும் இருக்கலாம். முதலில் நம்பும் ஒரு ஆளிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

வீட்டில் "கொஞ்சம் அனுசரித்துப் போ" என்கிறார்கள்.

அவர்கள் உங்கள் விரோதிகள் இல்லை, பயந்திருக்கிறார்கள். ஊரை விட்டு வந்து, தாராவியிலோ கோலிவாடாவிலோ ஒரு அறையில் ஆரம்பித்து, இன்று ஒரு மகளோ மருமகளோ டீச்சர் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பத்துக்கு அந்தச் சொல் ரொம்பப் பெரியது. "தாங்க முடியவில்லை" என்று மட்டும் சொன்னால் அவர்களுக்குப் புரியாது. அந்த மூன்று வார நோட்டைக் காட்டுங்கள். எத்தனை மாதச் செலவுக்கு வைத்திருக்கிறீர்கள், எங்கே விண்ணப்பித்திருக்கிறீர்கள், எந்த மாதம் விடப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். என் மாமியார் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்தான். தேதியும் கணக்கும் சொன்ன பிறகு, "அப்ப சரி, அதுவரைக்கும் சாயங்கால சமையல் நான் பாத்துக்கறேன்" என்றார்.

வருடம் நடுவில் பிள்ளைகளை விட்டுப் போவது பாவம் இல்லையா?

இந்தக் கேள்வியை நல்ல ஆசிரியைகள் மட்டும்தான் கேட்கிறார்கள். பிரின்சிபால்களுக்கும் அது தெரியும், அதனால்தான் "பத்தாம் வகுப்பை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போகிறாயா?" என்று சரியாக அந்த இடத்தில் அடிப்பார்கள்.

முடிந்தால் வருடத்தை முடித்துக் கொடுங்கள். முடியாது என்றால், எந்தப் பாடம் முடிந்தது, எந்தப் பிள்ளைக்கு எதில் உதவி வேண்டும் என்று நாலு பக்கம் எழுதி அடுத்தவரிடம் கொடுங்கள். அவ்வளவுதான் உங்கள் கடமை. தினமும் அவமானப்பட்டு வருகிற ஆசிரியை வகுப்பில் எரிந்து விழ ஆரம்பிப்பாள். நான் விழுந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பென்சில் சீவக் கேட்டதற்கு நான் கத்திய கத்தலில் அவன் உதடு துடித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்று மாலைதான் நான் கிளம்ப வேண்டும் என்று முடிவு செய்தேன்.

40 வயதாகிறது. வேறு பள்ளி எடுப்பார்களா?

எடுப்பார்கள், தகுதிக் காகிதம் சரியாக இருந்தால். 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை எடுப்பவர்கள் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) விஷயத்தை இப்போதே முடித்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 1-ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு வருடத்துக்குள் டெட் தேர்ச்சி பெற வேண்டும் என்று சொல்லிவிட்டது. சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய கேள்வி மட்டும் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. மும்பையில் தமிழ்ச் சங்கங்கள் நடத்தும் பள்ளிகளில் மொழிச் சிறுபான்மை அந்தஸ்து உள்ளவை இருப்பதால், நமக்கு விலக்கு என்று சிலர் சும்மா இருக்கிறார்கள். பள்ளி மாற நினைப்பவர் அப்படி இருக்க முடியாது. சிடெட் என்ற மத்தியத் தகுதித் தேர்வில் மொழித்தாளாகத் தமிழை எடுக்கலாம். 150-க்கு 90 வேண்டும், சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும்.

மாநகராட்சியிலும் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. அந்த அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

வேலையை விட்டுவிட்டு டியூஷன் எடுத்தால்?

தாராளமாக. சயான், வடாலாப் பக்கம் பத்துப் பிள்ளைகள் சேர்க்க ஒரு வருடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே வருமானம் இருக்காது. பள்ளியில் இருந்துகொண்டே ஆரம்பிக்கலாமே என்று கேட்பார்கள். ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள்மேல் காரணம் தேடுகிற ஒருவருக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

இன்டர்வியூவில் "ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டால்?

பழைய பிரின்சிபாலைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். பொய்யும் வேண்டாம். "பத்து வருடம் அங்கே நிறையக் கற்றேன். நிர்வாகம் மாறியது, நான் வேலை செய்யும் முறைக்கு அது ஒத்துவரவில்லை" என்றேன் நான். அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை. டெமோ லெசனுக்குப் போகும்போது நீங்களும் கண்ணைத் திறந்து பாருங்கள். பிரின்சிபால் காரிடாரில் நடந்து வரும்போது டீச்சர்கள் சிரிக்கிறார்களா, சுவரோரம் ஒதுங்குகிறார்களா? டீ கொண்டு வந்த பியூனிடம் அவர் எப்படிப் பேசினார்? நான் மூன்றாவது பள்ளியை அந்த டீயை வைத்துத்தான் தேர்ந்தெடுத்தேன்.

தூக்கமே இல்லை. செத்துவிடலாம் போல இருக்கிறது.

வேலை, நோட்டீஸ், பணிக்கொடை எல்லாம் அப்புறம். இப்போதே 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை, இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு டாக்டரிடம் மெடிக்கல் லீவு வாங்குங்கள். பள்ளி நாளைக்கு உங்கள் வகுப்புக்கு புராக்ஸி போட்டுக்கொள்ளும்.

விடுவதில்லை, இருப்பது என்று முடிவு செய்தால்?

அதுவும் முடிவுதான், பயத்தில் இருந்துவிடாமல் தேதி போட்டு இருங்கள். "தீபாவளி வரை இருக்கிறேன், அதற்குள் வகுப்பில் வைத்துத் திட்டுவது நிற்க வேண்டும்" என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். அசல் சான்றிதழ்கள் பள்ளி அலமாரியில் இருந்தால் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். நியமன ஆணை, சம்பளச் சீட்டு, மெமோ, பதில், எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து ஒரு ஃபைலில் போடுங்கள். சர்வீஸ் புக்கில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். தீபாவளி லீவில் அந்தக் கடைசிப் பக்கத்தைத் திறந்து, திட்டு நின்றதா இல்லையா என்று பார்த்துவிட்டு, எனக்கு ஒரு போன் செய்யுங்கள்.